மூன்று எழுத்தும் வரணும்

"சுஜீதா, எம், ஏ, ஆர் மூணு எழுத்தும் வர்ற இங்கிலீஷ் வார்த்தை சொல்லும்மா. பக்கத்துக் காம்பிராப் புள்ளைக்கு ஸ்கூல்ல கேட்டிருக்காங்களாம்."

தெஹியோவிட்டத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பிராக்கள் ஒன்றிலிருந்து அம்மா மங்கையர்க்கரசி தினமும் இப்படித்தான் போன் எடுப்பாள். கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்க்கும் சுஜீதாவும் எத்தனை அவசரத்திலும் யோசித்துச் சொல்வாள்.

"மார்க்கெட், ஃபார்மர், அலாரம்... எழுதிக்கிட்டீங்களா?"

தீபாவளிக்கு ஊர் வந்தவள், அந்தப் பிள்ளைக்கென்று வாங்கிய கலர் பென்சில் பெட்டியோடு பக்கத்துக் காம்பிராவுக்குப் போனாள். கதவில் தொங்கிய பூட்டு துருப்பிடித்திருந்தது.

"அவங்க எப்பவோ தோட்டத்த விட்டே போயிட்டாங்க" என்றாள் அம்மா.

"அப்ப அந்த வார்த்தையெல்லாம் யாருக்கும்மா?"

அம்மா தலை நிமிரவில்லை.

"சும்மா போன் எடுத்தா, 'வேலையா இருக்கேம்மா'ன்னு வெச்சிடுற. வார்த்தை கேட்டாத்தான் கொஞ்ச நேரம் பேசுற."