சகலைகள் எழுதிய சரம்

மூன்று மணித் தேநீர் வந்த பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை.

"ஒரு சரத்தை நூறு பேர் கேட்டா நூறு பிரதி எடுப்பியா? மெமரி என்ன உன் மாமனார் வீட்டுச் சொத்தா?" என்றார் மூத்த சகலை.

"அவர் உங்களுக்கும் மாமனார்தான் அண்ணே," என்றார் இளையவர். "உங்க நிரல்ல எல்லாரும் ஒரே பிரதியைப் பிடிச்சுட்டுத் தொங்கறாங்க. ஒருத்தன் அதைத் திருத்தக் கை வச்சாத்தான் அவனுக்குத் தனிப் பிரதி. யார் யார் தொங்கறாங்கன்னு கணக்கு எடுக்கறதுலயே பொழுது போயிடும்."

அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே நிறுவனம், வேறு வேறு குழு. எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக ஒரு நிரல்தொகுப்பு தயாராகிக்கொண்டிருந்தது. எழுத்துகளைக் கோத்து வைக்கும் சரத்துக்கு ஆளுக்கொரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றுதான் தேறும். தேறாததை எழுதியவருக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை.

ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவள் சோதனைப் பிரிவுப் பெண். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

சோதனையை ஓட்டினாள். ஒரே பிரதியைப் பகிர வேண்டிய மூத்தவரின் நிரல் மெமரியை மடமடவென்று விழுங்கியது. பிரதி பிரதியாக எடுக்க வேண்டிய இளையவருடையது எறும்பு போலக் கொறித்தது.

தலைகீழ். கோப்புகளை மாற்றி வைத்துவிட்டோமோ? பெயர்களைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தன. கணினியை அணைத்துப் போட்டாள். அதே விடை. முகம் கழுவிவிட்டு வந்தாள். அதே.

"என்னம்மா, முடிஞ்சுதா?" மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"தலையும் புரியல, வாலும் புரியல சார்."

கடைசியில் இரண்டு நிரல்களையும் திறந்து வரிவரியாகப் படித்தாள். எழுந்து போய் மூத்தவரைத் தனியே கூப்பிட்டாள்.

"சார், உங்க பேர்ல இருக்கறது நீங்க எழுதினதே இல்லையே?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் இறங்கியது.

"வீட்ல தெரிஞ்சா மானம் போயிடும்மா. வாய்க்கு வந்தபடி திட்டினாலும், தம்பி எழுதினதுதான் ஜெயிக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். முன்னாடியே ஒரு பிரதி எடுத்து வச்சிருந்தேன். நேத்து கடைசி நேரத்துல அதையே என் பேர்ல போட்டுட்டேன்."

அவள் நகரவில்லை.

"அவர் பேர்ல இருக்கறது நீங்க எழுதினது சார். இப்ப நான் யாரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லட்டும்?"