இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு

இன்டர்னல் மார்க் பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின் இசக்கியம்மாள் வந்து நின்றாள். தை மாதம் கல்யாணம் என்று அவள் அப்பா டி.சி. வாங்கிப்போய் இரண்டு மாதமாகிறது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் சிவப்புக் கோடும் விழுந்துவிட்டது. ஆனாலும் அவள் தினமும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், தேர்வுகளை எழுதினாள். பேராசிரியை ஹெலனும் ஒன்றும் கேட்காமல் திருத்திக் கொடுத்தாள்.

"எனக்கு எவ்வளவு மிஸ்?"

ஹெலன் கணக்குப் போட்டாள். மூன்று தேர்வில் நல்லதாக இரண்டை எடுத்தால் பதினான்கு. அசைன்மெண்டுக்கு ஐந்து. வருகைக்கு? கூப்பிடாத பெயருக்கு ஏது வருகை? கொஞ்சம் யோசித்து, அதற்கும் ஐந்து போட்டாள். பட்டியலின் அடியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பெயரையும் இருபத்துநான்கையும் பென்சிலாலேயே எழுதினாள். இசக்கியம்மாள் குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"பெரிய பரீட்சையில எத்தனை எடுத்தா பாஸு மிஸ்?"

"எழுபத்தஞ்சுக்கு முப்பது."

"முப்பதுதானா!" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பட்டியலை அலுவலகத்தில் கொடுக்குமுன் ஹெலன் ரப்பரை எடுத்துக் கடைசி வரியை அழித்தாள். மார்க் போயிற்று, பெயர் போயிற்று. கையெழுத்தை இசக்கியம்மாள் பேனாவால் போட்டிருந்தாள்.