தீர்ப்பு நாள்

ஜன்னலுக்கு வெளியே விடியற்காலைப் பனி மிதந்தது. தூக்கமும் விழிப்புமாக அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே பத்தாம் வகுப்பு மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தண்டனைங்கிறது பழிவாங்க இல்ல, திருத்தத்தான். சரியாப்பா?"

"சரிதாம்மா."

"இன்னிக்குத் தீர்ப்புன்னு ராத்திரி பூரா புரண்டீங்களாமே, அம்மா சொன்னாங்க. பயமா இருக்கா?"

"ஆமாம்மா."

"நீங்கதான் ஒரு தப்பும் செய்யலியேப்பா!"

"செஞ்சிடுவேனோன்னுதாம்மா பயம்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீதிமன்ற வராந்தாவில் தயங்கித் தயங்கி நடந்தார். கதவு திறந்தது. உள்ளே அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கூண்டில், மகளைவிட மூன்று நான்கு வயதே மூத்த பெண்ணொருத்தி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

முதன்முதலாகத் தீர்ப்புச் சொல்ல வந்திருந்த அந்தப் புது நீதிபதி, தன் இருக்கையில் அமராமல் அவளைப் பார்த்தார்.

"முதல்ல நீ உட்காரும்மா" என்றார்.