பெயர் சொல்லி

முப்பது ஆண்டுகளாக அந்த அலுவலகத்தில் மாசிலாமணி எல்லோரையும் 'சார்' என்றே அழைத்துவந்தார், வாயிற்காவலரையும் அப்படித்தான். புதிய மேலாளராக வந்த இளைஞர் கவின், காலத்துக்கேற்ப மாறவேண்டும், இனி எவரையும் பெயர் சொல்லியே அழைக்கவேண்டும் என்று அறிவித்தார்.

"எங்க, என்னைக் கூப்பிடுங்க பாப்போம்."

"கவின்... சார்."

அறையே சிரித்தது. "வீட்ல சம்சாரத்தையும் சார்னுதான் கூப்பிடுவீங்களோ?" என்றது ஒரு குரல்.

'மாற்றத்துக்கு ஒத்துவராதவர்' என்று கவின் மதிப்பீட்டில் எழுதினார். மாசிலாமணியின் வேலை போயிற்று.

கடைசி நாளில் அடையாள அட்டையைக் கழற்றி மேலாளரின் மேசைமீது வைத்தவர், "வர்றேன், கவின்" என்றார்.

கவின் எழுந்துவிட்டார். லிப்ட் வரை கூடவே நடந்து, மூடப்போன கதவைக் கையால் தடுத்து, அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்னை மன்னிச்சிருங்க, சார்."