ஒரு கரண்டிப் பால்

கட்டிலில் கிடந்த கணவருக்குக் கஞ்சி கொடுப்பதை நிறுத்தி நான்கு நாளாகியிருந்தது. எல்லோரும் கூடி எடுத்த முடிவுதான் என்றாலும், முதலில் பேச்சைத் தொடங்கியவள் தேனம்மை. ஒன்றரை வருஷம் மலமூத்திரம் அள்ளிய அலுப்பை, "அவர் படுற பாட்டைப் பாக்க முடியல" என்று மாற்றிச் சொல்லியிருந்தாள்.

"மகாபாவம்டீ," என்றாள் நாத்தனார் பர்வதம்.

"ஆஸ்பத்திரியில குழாயப் பிடுங்கவே கோர்ட்டு சம்மதிக்குதுக்கா. நாம என்ன கழுத்தையா நெரிச்சோம்? கஞ்சியத்தானே நிறுத்தினோம்," என்றார் கொழுந்தனார். "ஏதோ ஆசைதான் பிடிச்சு வச்சிருக்கு. அதை முடிச்சுவிட்டா போயிருவாரு."

மண்ணாசை தீர வயல் மண்ணைக் கரைத்து உதட்டில் தடவினார்கள். பொன்னாசை தீர மோதிரத்தை உரசிப் பாலில் கலந்தார்கள். உறவினர்கள் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார்கள். எல்லாம் கடைவாய் வழியே வழிந்து தலையணையை நனைத்தது.

"நீங்க ஊத்துங்க அண்ணி. உங்க கைக்குத்தான் காத்திருக்காரு."

தேனம்மை ஊற்றினாள். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. அவர் விழுங்கிவிட்டார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவியது. பிறகு, தினமும் காலையில் அவள் "ஆ காட்டுங்க" என்றதும் திறப்பதுபோல, வாயை அகலத் திறந்தார்.

கிண்ணத்தில் இன்னும் பால் இருந்தது. முறைப்படி ஆளுக்கு ஒரு கரண்டிதான். இன்னொன்று ஊற்றினால் அது சடங்கில்லை, சாப்பாடு.

தேனம்மை கொழுந்தனாரைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று பார்க்கிறோம் என்பது, பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்த வாய் மூடவில்லை.