மாமரத்தடியில் ஒன்பது நிமிடம்

மருத்துவமனை ஆண்டு மலரில் டாக்டர்கள் படம் வரும், நர்ஸுகள் படம் வரும், புதிதாக வாங்கிய ஸ்கேன் இயந்திரத்தின் படமும் வரும். சக்கர நாற்காலி தள்ளுகிறவள் படம் வந்ததில்லை. சியாங் மாய் நகரை அடுத்த எங்கள் மருத்துவமனையில் அவள் பெயர் புவாகாம்.

அந்தப் பெயர் எழுத்தில் ஏறியது ஒரே ஒரு முறை, புகாரில்.

வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு நான்கு நிமிடம். அவளுக்கு மட்டும் பதின்மூன்று. நடுவில் ஒன்பது நிமிடம் எங்கே போகிறது என்று ஸ்கேன் அறை கேட்டிருந்தது. கேன்டீனில் உட்கார்ந்துவிடுகிறாள் என்றார் ஒருவர். வாசல் காவலாளியோடு பேச்சு என்றார் இன்னொருவர். அவளுடையது ஒப்பந்த வேலை. குற்றம் உறுதியானால் இடம் போய்விடும்.

உண்மையைக் கண்டறிய தலைமை நர்ஸ் ரச்சனீ ஒரு நாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே அவளைப் பின்தொடர்ந்தார்.

அன்று நாற்காலியில் இருந்தவன் தாவீ, வேன் ஓட்டுகிறவன். நுரையீரலில் ஏதோ நிழல் தெரிகிறதாம். கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தான்.

புவாகாம் கேன்டீனுக்குப் போகவில்லை, வாசலுக்கும் போகவில்லை. பின்பக்க மாமரத்தடியில் நிறுத்தினாள்.

"அண்ணே, மேல பாருங்க. முசுறு கூடு தைக்குது."

"முசுறுதானே. அது முட்டைய எங்க வீட்டுக்காரி புளிப்பா குழம்பு வெப்பா."

"திங்கறதப் பத்தி அப்புறம் பேசலாம். ஊசி எது, நூல் எது, சொல்லுங்க பாப்போம்."

தாவீ நிமிர்ந்து பார்த்தான். ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் ஓரங்களை இழுத்துச் சேர்த்துப் பிடித்திருந்தன. இன்னோர் எறும்பு தன் கூட்டத்துக் குட்டிப் புழுவை வாயில் கவ்வி, இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் மாறி மாறித் தொட்டது. புழுவின் வாயிலிருந்து வெள்ளையாக இழை வந்தது.

"அடப்பாவி, பிள்ளையே ஊசியா" என்றான். விரல்கள் கைப்பிடியை விட்டிருந்தன. "நாப்பத்தாறு வருஷமா தின்னுக்கிட்டு இருக்கேன். ஒரு நாளும் இதப் பாத்ததில்லையே."

தூண் மறைவில் நின்ற ரச்சனீயும் பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகு மரத்தடிக்கு வந்தார். அந்த இரண்டு இலைகளும் ஒட்டி முடிகிற வரை நிற்கலாம் என்று நினைத்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

மாலையில் புவாகாமை அழைத்து விசாரித்தார்.

"பயத்தோட உள்ள போனா, மூச்ச அடக்கச் சொல்றப்போ அடக்க வராது மேடம். ஸ்கேன ரெண்டாந்தரம் எடுக்கணும். இதப் பாத்துட்டுப் போனவங்களுக்கு ஒரே தரந்தான்."

"எறும்பு காட்டுறதுக்கா உனக்குச் சம்பளம்?"

அறிக்கையில் புவாகாமின் ஒன்பது நிமிடம் இருந்தது. ரச்சனீயின் இருபத்திரண்டு இல்லை.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. மனநலத்துக்காக டாக்டர்களும் நர்ஸுகளும் புதன்தோறும் மாமரத்தடியில் நின்று வியக்க வேண்டும். கட்டாயம். திட்டம் வகுத்தவர் ரச்சனீ. ஒதுக்கிய நேரம் ஒன்பது நிமிடம். ஆண்டு மலரில் மரத்தின் படமும் அவர் படமும் வந்தன.

புவாகாமைச் சலவைக் கூடத்துக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் போர்வை மடிக்கிறாள். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் இல்லை.