புலி சிரிக்கக் கூடாது

"இதெல்லாம் ஒரு புலியா, வே?"

மருதப்பன் போட்ட சத்தத்தில் பொருட்காட்சியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தோமா, அப்பளம் தின்றோமா, போனோமா என்றில்லாமல், வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து வம்பு வளர்க்கிறாரே மனுஷன்!

யானை, கரடி, புலி என்று எல்லாவற்றையும் நிஜ அளவில் ஃபைபரில் செய்து நிறுத்தியிருந்த இசக்கித்துரைக்குச் சுருக்கென்றது.

"என்ன குறை, அண்ணாச்சி?"

"வாலு வெளக்கமாறு கணக்கா நிக்கி. வயிறு கன்னுக்குட்டி வயிறு. எல்லாத்துக்கும் மேல, சிரிக்குது வே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சின்னப் பிள்ளைக பயப்படாம போட்டோ எடுக்கணும்லா? அதான் சிரிக்க வச்சேன். நீங்க புலிய நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருந்தா இங்கன நின்னு பேசிக்கிட்டு இருப்பேனா?"

மறுபடியும் சிரிப்பு. இசக்கித்துரைக்குப் பொறுமை போய்விட்டது.

"குறை சொல்லுதது லேசு. நீங்களா வாங்கப் போறீங்க?"

"ஆமா. பொருட்காட்சி முடிஞ்சதும் எனக்குக் குடும். கடலைக்காட்டுல காவலுக்கு நிறுத்தணும். விதைச்சத ரெண்டு தடவ காட்டுப்பன்னி தோண்டித் தின்னுட்டு. திரும்ப விதைச்சிருக்கேன். இதும் போச்சுன்னா இந்த வருசம் வெள்ளாமையே கிடையாது."

"சரி, அதுக்கு எதுக்கு இம்புட்டு நுணுக்கம் பாக்கீங்க?"

"மனுசன் ஏமாந்துருவான். பன்னி ஏமாறுமா, வே?"

இசக்கித்துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் புலியைப் பார்த்துக் காட்டுப்பன்றிகள் தலைதெறிக்க ஓடுவதை நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்போதே பெயின்ட் டப்பாவைத் திறந்து, புலியின் வாயில் வேலையை ஆரம்பித்தார்.

"பல்லு நல்லா வெளிய தெரியட்டும்" என்று மருதப்பன் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தார். கூட்டத்திலும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மீசை முளைத்தது. கண் சிவந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுததும் மருதப்பனுக்குப் பரம திருப்தி.

பிரஷ்ஷைக் கழுவியபடி இசக்கித்துரை கேட்டார்:

"ஊர்ல சிலபேரு வெள்ளாமையச் சுத்தி திருட்டுத்தனமா கரண்டு கம்பி இழுத்து விடுதாங்களே, அண்ணாச்சி. ஒரே நாள்ல பன்னிக சோலி முடிஞ்சிரும். உங்களுக்கு மட்டும் எதுக்கு இந்தப் பாடு?"

இவ்வளவு நேரம் ஊரைக் கூட்டியவரின் குரல் இறங்கியது.

"பயந்து ஓடுனாப் போதும், வே. டார்ச் அடிச்சுப் பார்த்தேன்... தாய்க்குப் பின்னால குட்டிகளும்லா வருது."